தெருவுக்குச் செய்தி சொல்வது யார்? தாம்பரத்தில் கவுன்சிலரின் வேலை

சேலையூரிலோ அனகாபுத்தூரிலோ குழாயில் இரண்டு நாளாகத் தண்ணீர் வரவில்லை என்றால் முதல் போன் கவுன்சிலருக்குத்தான் போகிறது. வால்வைத் திறப்பவர் மாநகராட்சி ஊழியர். அவரிடம் வேலை வாங்குபவர் உதவிப் பொறியாளர். அவருக்கும் மேலே மண்டல அலுவலகம், ஆணையர். இந்த வரிசையில் கவுன்சிலருக்கு இடமே இல்லை. தனியாளாக அவர் ஓர் ஊழியரை இடம் மாற்ற முடியாது. ஒப்பந்தக்காரரின் பில்லை நிறுத்தவும் முடியாது. மாமன்றத்தில் 70 வாக்குகளில் ஒன்று அவருடையது, அவ்வளவுதான். அப்படியும் தெரு அவரைத்தான் கூப்பிடுகிறது. தண்ணீர் ஏன் வரவில்லை, எப்போது வரும் என்று விசாரித்துச் சொல்லக்கூடியவர்களில் பெயரும் முகமும் வீடும் தெரிந்த ஆள் அவர் ஒருவரே.

கவுன்சிலரின் வேலையைப் பற்றிப் பேசும்போது சாலை, குப்பை, விளக்கு என்று பட்டியல் போடுவது வழக்கம். அந்தப் பட்டியலில் எப்போதும் விடுபடுவது செய்தி. தாம்பரத்தையும் அதைச் சுற்றியுள்ள தென்சென்னைப் புறநகர்களையும் வைத்துப் பார்த்தால், கவுன்சிலர் மக்களுக்குத் தரும் சேவைகளில் பாதிக்கு மேல் செய்தி சொல்லும் சேவைதான். அது இன்று எப்படி நடக்கிறது, எங்கே சிக்குகிறது, எப்படி மாற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

பத்து ஊர், ஒரு மாநகராட்சி

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை 1931இல் மின்ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னை கிறித்துவக் கல்லூரி இங்கே இடம்பெயர்ந்தது. அதற்குப் பிறகு ரயில் பாதையின் இருபுறமும் மனைப்பிரிவுகளாக ஊர் விரிந்தது. பல இடங்களில் முதலில் வந்தவை நகரின் பெயர்ப்பலகையும் நலச் சங்கமும். சாலையும் வடிகாலும் பிறகு வந்தன. கடப்பேரி, புலிக்கொரடு, சேலையூர் முதலான ஊராட்சிகளைச் சேர்த்து 1964இல் தாம்பரம் நகராட்சி உருவானது. 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது ஆலந்தூரும் பெருங்குடியும் அதனுள் போயின. பல்லாவரமும் தாம்பரமும் வெளியே நின்றன.

2021 நவம்பர் 3 அன்று தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாகித் தாம்பரம் மாநகராட்சி ஆயின. பரப்பு சுமார் 87 சதுர கிலோமீட்டர், 2011 கணக்கெடுப்பின்படியே மக்கள்தொகை 7 லட்சத்தைத் தாண்டியது, 5 மண்டலங்கள், 70 வார்டுகள்.

இந்த இணைப்பில் பலரும் கவனிக்காத கணக்கு ஒன்று உண்டு. பழைய தாம்பரம் நகராட்சியில் 39 வார்டுகள், பல்லாவரத்தில் 42. இரண்டையும் கூட்டினாலே 81. இன்று பத்து ஊருக்கும் சேர்த்து 70 பேர்தான். வார்டு ஒன்றுக்கு 2011 கணக்கிலேயே சராசரியாகப் பத்தாயிரம் பேர். இன்றைக்கு இன்னும் கூடுதல். மாநகராட்சி ஆனதால் நிதியும் திட்டங்களும் பெருகும் என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் ஒரு தெருவுக்கும் அதன் பிரதிநிதிக்கும் இடையே இருந்த தூரம் கூடிவிட்டது. சிட்லபாக்கத்தில் பேரூராட்சி அலுவலகத்துக்கு நடந்தே போய்க் கேட்ட சங்கதியை இப்போது யாரிடம் கேட்பது என்ற குழப்பமும் சேர்ந்துகொண்டது.

இதோடு ஒரு வெற்றிடமும் இருந்தது. 2011இல் தேர்வான மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. இடைப்பட்ட ஐந்தாண்டுக்கு மேலான காலம் தனி அலுவலர்களின் ஆட்சி. 2021 நவம்பர் மழையில் புறநகர்த் தெருக்கள் மூழ்கியபோது மாநகராட்சி பிறந்து சில நாள்களே ஆகியிருந்தன. கவுன்சிலர் என்று ஒருவரும் இல்லை. எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர், படகு எங்கே, பால் எங்கே என்ற செய்தியை நலச் சங்கங்களும் தன்னார்வ இளைஞர்களும் கைப்பேசியிலேயே நடத்தினார்கள். 2022 மார்ச் 4 அன்று பட்டியலினப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட மேயர் பதவியில் இருபதுகளின் நடுவில் இருந்த வசந்தகுமாரி அமர்ந்தபோது, புதிய கவுன்சிலர்கள் வந்து சேர்ந்தது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒரு செய்தி ஓட்டத்துக்குள்தான்.

கையில் இருப்பதும் இல்லாததும்

குடிநீர் விநியோகம், குப்பை, தெருவிளக்கு, உள்சாலை, மழைநீர் வடிகால், பூங்கா: இவை மாநகராட்சியின் பொறுப்பு. ஜி.எஸ்.டி. சாலையும் வேளச்சேரி சாலையும் நெடுஞ்சாலைக்காரர்களுடையவை. ஏரிகள் பெரும்பாலும் நீர்வளத் துறையிடம். மின்கம்பம் மின்வாரியத்தினுடையது. பட்டா வட்டாட்சியர் அலுவலகத்தில், ரேஷன் அட்டை உணவுப் பொருள் வழங்கல் துறையில், சுரங்கப்பாதை ரயில்வேயிடம். பல்லாவரத்தில் சில தெருக்கள் மாநகராட்சியிலேயே இல்லை. அவை கண்டோன்மென்ட் வாரியத்தின் ஆளுகையில் வருகின்றன.

வீட்டு வாசலில் நிற்பவருக்கு இந்த எல்லைகள் தெரிய வேண்டிய அவசியமில்லை. பள்ளம் பள்ளம்தான். எனவே எந்தப் புகார் எந்த அலுவலகத்துக்கு உரியது, அங்கே யாரைப் பிடிக்க வேண்டும், எந்தத் தாள் வேண்டும் என்று சொல்வதே கவுன்சிலரின் அன்றாட வேலையாகிறது. நகர்ப்புற உறுப்பினர்களுக்கு மதிப்பூதியம் என்று ஒன்று வந்ததே 2023 ஜூலையில்தான். மாநகராட்சிக் கவுன்சிலருக்கு மாதம் 10,000 ரூபாய். அலுவலகமோ உதவியாளரோ கிடையாது. காலையில் வீட்டுத் திண்ணையில் நிற்கும் கூட்டத்தையும் நாள் முழுக்க அடிக்கும் போனையும் அவர் சொந்தச் செலவில்தான் சமாளிக்க வேண்டும். அந்தச் செலவு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியில்தான் உள்ளாட்சி ஊழலின் பாதிக் கதை இருக்கிறது.

அரசின் முடிவுகளுக்கும் முகம் கொடுப்பவர் அவரே. புதிய கவுன்சிலர்கள் பதவியேற்ற ஒரு மாதத்துக்குள், 2022 ஏப்ரல் தொடக்கத்தில், மாநிலம் முழுக்கச் சொத்துவரி உயர்வு அறிவிக்கப்பட்டது. முடிவு கோட்டையில் எடுக்கப்பட்டது. பதில் சொல்ல வேண்டியிருந்தது வார்டில். எந்தப் பரப்பளவுக்கு எவ்வளவு உயர்வு என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்த உறுப்பினரிடம் மக்கள் கோபப்பட்டாலும் பேசினார்கள். தெரியாதவர் தெருவையே தவிர்க்க வேண்டியதாயிற்று.

பெரிய செய்தி, சின்னச் செய்தி

நாளிதழ்கள் பெரிய செய்தியைச் சொல்லிவிடுகின்றன. பேரூரில் 4,276 கோடி ரூபாயில் நாளொன்றுக்கு 40 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்துக்கு 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டியதும், அந்நீர் தாம்பரத்துக்கும் வரும் என்பதும் எல்லோரும் படித்த செய்தி. மாடம்பாக்கத்தில் இருப்பவருக்கு வேண்டியதோ சின்னச் செய்தி: எங்கள் தெருவுக்கு எந்த நாள், எந்த நேரம் தண்ணீர்? குழாய் பதிக்கத் தோண்டிய சாலையை எப்போது மூடுவார்கள்? நாளை குப்பை வண்டி வருமா? இதை எந்த நாளிதழும் அச்சடிக்க முடியாது.

ஒரு காலத்தில் இந்த இடத்தைத் தண்டோரா நிரப்பியது. பறையடித்து அறிவிக்கும் அந்த முறைக்கு இனித் தேவையில்லை என்றும், வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாம் என்றும் 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு ஆட்சியர்களுக்கு எழுதினார். ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்ட வேலை ஒழிய வேண்டியதுதான். சென்னையின் நடுத்தர வர்க்கப் பகுதிகளில் இதே தேவையை வேறொன்று நிறைவேற்றியது. 1994இல் வின்சென்ட் டிசோசா தொடங்கிய ‘மயிலாப்பூர் டைம்ஸ்’ போன்ற இலவச வார இதழ்கள், உள்ளூர்க் கடைகளின் விளம்பரத்தை நம்பி, தெருவின் சாக்கடையையும் கோயில் கச்சேரியையும் ஒரே பக்கத்தில் போட்டன. இந்த இதழ்களின் பலம், யாரும் கேட்டுப் பெறத் தேவையில்லை என்பது. கட்சி பார்க்காமல், வாக்காளரா வாடகைக்காரரா என்று பார்க்காமல் அவை வாசலில் விழுந்தன.

இப்போது எல்லாம் வாட்ஸ்அப். வார்டில் மூன்று வகைக் குழுக்கள் இருக்கின்றன: கவுன்சிலரின் குழு, நலச் சங்கத்தின் குழு, கட்சியின் குழு. காலையில் தெருவிளக்கு எரியவில்லை என்று படம் போட்டால் மாலையில் ஏணி வைத்த வண்டியோடு இன்னொரு படம் வருகிறது; அதன் கீழே கும்பிட்ட கைகள் வரிசையாக. இந்த வேகத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. மனு எழுதி, முத்திரை வாங்கி, ஒரு மாதம் காத்திருந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம்.

குறைகளும் அதற்குள்ளேயே உள்ளன. குழுவில் போட்ட புகாருக்கு எண் கிடையாது. நாற்பது வாழ்த்துச் செய்திகளுக்கு அடியில் அது புதைந்துபோகும். கேள்வி கேட்பவரை நீக்கும் உரிமை குழுவை நடத்துபவரிடம் இருக்கிறது. மாநிலச் சட்டம் உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடங்களை ஒதுக்கியிருக்கிறது. ஆனால் கவுன்சிலரின் போன் கணவர் கையில் இருந்தால், செய்தி அவர் வழியாகத்தான் வரும், போகும். வீட்டு உரிமையாளர்கள் சேர்ந்த நலச் சங்கக் குழுவில் வாடகைக்கு இருப்பவருக்கும், பம்மல், நாகல்கேணி தோல் தொழிற்சாலைகளில் வேலை செய்ய வந்த வெளிமாநிலத்தவருக்கும், ஏரிப் புறம்போக்கில் இருப்பவருக்கும் பெரும்பாலும் இடமில்லை. சேவை அதிகம் தேவைப்படுபவர்கள் இவர்கள்தான். 2025 மே மாதம் அனகாபுத்தூரில் அடையாற்றங்கரை வீடுகள் இடிக்கப்பட்டபோது அங்கிருந்தவர்களுக்கு வேண்டியிருந்தவை எல்லாமே செய்திகள்: யாருடைய வீடு அளவீட்டில் வருகிறது, மாற்று வீடு எங்கே, பிள்ளைகளின் பள்ளிக்கு என்ன வழி. வாழ்க்கையையே புரட்டும் செய்தி, தெருவிளக்குச் செய்தியைவிட மெதுவாக நகரும் ஏற்பாட்டை நல்ல ஏற்பாடு என்று சொல்ல முடியாது.

வெள்ளம், முதலை, குடிநீர்

செய்தியின் விலை தெரிவது பேரிடரில். 2015 டிசம்பர் 1 தொடங்கி ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்றுக்குள்ளேயே இருப்பவை போல ஆயின. ஏரி எப்போது நிரம்பும், எந்தப் பக்கம் தண்ணீர் திரும்பும் என்பதை முன்கூட்டிச் சொல்லும் ஏற்பாடு தெரு அளவில் இல்லை. அதன் பிறகுதான் ‘ஏரிக்கும் என் வீட்டுக்கும் என்ன தொடர்பு’ என்று புறநகர்வாசிகள் கேட்கத் தொடங்கினார்கள். சிட்லபாக்கத்தில் குப்பை மேடாகிக் கிடந்த ஏரியை மீட்கக் குடியிருப்போர் திரண்டார்கள். சிட்லபாக்கம் ரைசிங் அமைப்பு தொடர்ந்து எழுதியும் கேட்டும் வந்தது. அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்கியது. அடுத்திருக்கும் செம்பாக்கம் ஏரியைக் கேர் எர்த் அறக்கட்டளையும் நேச்சர் கன்சர்வன்சியும் சீரமைத்தன.

நீர் வார்டு பார்த்து ஓடுவதில்லை. சிட்லபாக்கத்தின் உபரிநீர் செம்பாக்கம் போகும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் சேரும். மேலே மதகு திறந்தால் கீழே இருக்கும் வார்டுக்குச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கவுன்சிலரும் தம் வார்டின் குழுவில் மட்டும் பேசும் முறையில் இந்தச் செய்தி எல்லையிலேயே நின்றுவிடுகிறது.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது பெருங்களத்தூர் – நெடுங்குன்றம் சாலையில் ஒரு முதலை ஊர்ந்து போகும் காணொளி பரவியது. பலர் அதைப் பொய் என்றார்கள். அது உண்மை. நிரம்பிய நீர்நிலையிலிருந்து வெளியே வந்த முதலை அது, முதலைகள் பொதுவாக மனிதரைவிட்டு ஒதுங்கிப் போகும் விலங்குகள், பதற வேண்டாம் என்று வனத்துறைச் செயலாளர் சுப்ரியா சாகு விளக்க வேண்டியிருந்தது. அந்தப் பகுதிகளில் முதலைகள் இருப்பது உள்ளூர்க்காரர்களுக்கு முன்பே தெரியும். ஊருக்குத் தெரிந்ததும் அரசுக்குத் தெரிந்ததும் சந்திக்கும் இடம் ஒன்று இல்லாதபோது உண்மைகூட வதந்தியின் வேடத்தில்தான் வருகிறது.

2024 டிசம்பரில் பல்லாவரத்தில் நடந்தது இதைவிடக் கசப்பானது. மலைமேடு பகுதியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் வாந்தி, வயிற்றுப்போக்குடன் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. குடிநீரில் கழிவுநீர் கலந்ததே காரணம் என்றார்கள் மக்கள். தண்ணீர்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது என்றது அரசுத் தரப்பு. மாதிரிகள் கிண்டி கிங் ஆய்வகத்துக்குப் போயின. யார் சொன்னது சரி என்பதைவிட முக்கியமான கேள்வி வேறு. அந்தத் தெருவின் குடிநீர் அதற்கு முந்தைய மாதங்களில் எப்போதெல்லாம் பரிசோதிக்கப்பட்டது, குளோரின் அளவு என்ன வந்தது என்பது தெருவில் எழுதி ஒட்டப்பட்டிருந்தால், மக்களும் அரசும் ஒரே தாளைப் பார்த்துப் பேசியிருக்கலாம்.

ஆலந்தூர் காட்டிய வழி

செய்தியை ஒழுங்காகச் சொன்னால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று தூரத்தில் இல்லை. பரங்கிமலை அடிவாரத்திலேயே இருக்கிறது. 1990களின் பிற்பகுதியில் ஆலந்தூர் நகராட்சியில் பாதாளச் சாக்கடை இல்லை. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், ஊரெங்கும் கொசு. சுமார் 34 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு நகராட்சியிடம் பணமில்லை. அன்றைய தலைவர் ஆர்.எஸ். பாரதி நலச் சங்கங்களைக் கூட்டிக் கணக்கைத் திறந்து காட்டினார்: மொத்தச் செலவு இவ்வளவு, கடன் இவ்வளவு, ஒரு வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம், பிறகு மாதக் கட்டணம். அரசு வேலைக்கு மக்கள் முன்கூட்டிப் பணம் கட்டுவார்களா என்று சந்தேகப்பட்டவர்கள் வியக்கும்படி பல கோடி ரூபாய் சேர்ந்தது. 2000இல் வேலை தொடங்கியது. சில ஆண்டுகளில் இணைப்புகள் வந்தன. கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் தனியார் பங்கேற்புடன் நாட்டில் முதலில் நடந்த திட்டங்களில் ஒன்றாக இது இன்றும் பேசப்படுகிறது.

ஆலந்தூரின் வெற்றிக்கு நிதி ஏற்பாடும் ஒப்பந்த முறையும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. அவற்றுக்கு முன்னால் நடந்தது இதுதான்: தெரியாததைத் தெரிந்ததாக்கியது. தன் பணம் எங்கே போகிறது என்று தெரிந்தவர் கட்டினார். பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கு தந்தால் மீதியை அரசு தரும் ‘நமக்கு நாமே’ திட்டமும் இந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது. பூங்காவுக்கும் ஏரிக்கும் பணம் தரத் தயாரான சங்கங்கள் தாம்பரத்தில் இல்லாமல் இல்லை. கணக்கைத் திறந்து வைப்பவர்தான் வேண்டும்.

பகுதி சபா என்ற வாசல்

மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்று 1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசமைப்புத் திருத்தம் சொன்னது. தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபாவுக்கான விதிகள் வந்தது 2022இல். அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பகுதி சபா கூட்டத்தில் உட்கார்ந்து குறைகளைக் கேட்டது தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில். எனவே இந்த ஏற்பாட்டின் பிறந்த ஊர்களில் ஒன்று தாம்பரம் என்று சொல்லலாம்.

விதியின்படி கவுன்சிலர் வார்டு குழுவின் தலைவர். வார்டு சில பகுதிகளாகப் பிரியும். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பிரதிநிதி. அப்பகுதி வாக்காளர் எல்லோரும் சபாவில் உட்காரலாம். ஆண்டுக்கு நான்கு முறையாவது கூட வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் முடிச்சூர் ஊராட்சியில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை. சாலையின் இந்தப் பக்கம் இருப்பவர் ஊராட்சிக் கணக்கைச் சபையில் கேட்கலாம். அந்தப் பக்கம் மாநகராட்சியில் இருப்பவருக்கு 2022 வரை அந்த வாசலே கிடையாது.

வாசல் திறந்தும் உள்ளே போகிறவர்கள் குறைவு. பிரதிநிதிகளை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மாமன்றம் நியமிக்கிறது. அதனால் கவுன்சிலரின் கட்சிக்காரர்களே அந்த நாற்காலிகளில் அமர வாய்ப்பு அதிகம். கூட்டம் நடப்பதே பலருக்கு மறுநாள் படம் பார்த்துத்தான் தெரிகிறது. போன கூட்டத்தில் சொன்னது என்ன ஆயிற்று என்ற அறிக்கையோடு அடுத்த கூட்டம் தொடங்கும் பழக்கமும் வேரூன்றவில்லை. கேரளம் தன் நகராட்சிச் சட்டத்தில் வார்டு சபாவை எழுதிவைத்து, பயனாளிப் பட்டியலை அங்கே வாசிக்கும் வழக்கத்தை உருவாக்கியது. பட்டியல் சபையில் வாசிக்கப்பட்டால் கூட்டம் தானாகச் சேரும். கிடைக்காதவர் கேள்வி கேட்க வருவார்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்றும் இங்கே பயன்படும். 1960களின் இறுதியில் இங்கிலாந்தின் லிவர்பூலில் லிபரல் கட்சியினர் ‘ஃபோக்கஸ்’ என்ற துண்டறிக்கையை வீடு வீடாகப் போட ஆரம்பித்தார்கள். உடைந்த நடைபாதை, நின்றுபோன பேருந்து என்று தெருச் செய்திகள். யாரிடம் கேட்டோம், என்ன பதில் வந்தது என்ற விவரம். 1970இல் கட்சியே ‘சமூக அரசியல்’ என்ற பெயரில் இந்த வழியை ஏற்றது. தேர்தல் இல்லாத மாதத்திலும் செய்தி சொன்னதால் அவர்கள் வென்றார்கள். அதன் எல்லையும் அதிலேயே தெரிகிறது: தகவல் தாளும் வாக்குக் கேட்கும் தாளும் ஒன்றாகிவிட்டால், கேட்டும் நடக்காத வேலை அதில் அச்சேறுவதில்லை. நம் வார்டுகளின் ஃப்ளெக்ஸும் வாட்ஸ்அப்பும் இதே நோயின் இன்றைய வடிவங்கள்.

என்ன செய்யலாம்

பெரிய சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை. கேட்காமலேயே வெளியிட வேண்டிய விவரங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் நான்காவது பிரிவு 2005இலேயே சொல்லிவிட்டது. அதை வார்டு அளவுக்குக் கொண்டுவந்தால் போதும்.

முதலாவது, வார்டுக்கு ஒரு பொது எண். அது கவுன்சிலரின் சொந்தப் போனாக இல்லாமல் மாநகராட்சியின் எண்ணாக இருந்து, அடுத்து வருபவரிடம் பழைய புகார்களோடு கைமாற வேண்டும். இரண்டாவது, குழுவில் வரும் ஒவ்வொரு புகாருக்கும் மாநகராட்சியின் பதிவு எண். கவுன்சிலர் அதைத் துரத்தலாம், மறைக்க முடியாது. மூன்றாவது, ரேஷன் கடை, பள்ளி, அங்கன்வாடி, கோயில், மசூதி, தேவாலய வாசல்களில் ஒரு வார்டுப் பலகை. தண்ணீர் நாள், குடிநீர்ப் பரிசோதனை முடிவு, நடக்கும் வேலை, ஒப்பந்தத் தொகை, முடியும் தேதி ஆகியவை அதில் இருக்கட்டும். கைப்பேசி இல்லாதவரும் வாக்காளர் அல்லாதவரும் அதைப் படிக்கலாம். நான்காவது, பகுதி சபா தேதியை ஒரு வாரம் முன்பே ஒலிபெருக்கியில் சொல்லி, சென்ற கூட்டத்தின் நடவடிக்கை அறிக்கையோடு தொடங்குவது. ஐந்தாவது, ஏரிச் சங்கிலியில் இருக்கும் வார்டுகள், பக்கத்து ஊராட்சிகள், நீர்வளத் துறை ஆகியவற்றுக்கு மழைக்காலப் பொதுக் குழு ஒன்று.

இவற்றால் கவுன்சிலரின் செல்வாக்கு குறையும் என்ற அச்சம் நியாயமானதே. ‘அண்ணனிடம் சொன்னால் நடக்கும்’ என்ற பேச்சில்தான் பல உறுப்பினர்களின் அடுத்த தேர்தல் இருக்கிறது. ஆனால் பலகையில் எழுதிய செய்திக்காக யாரும் போன் செய்யப்போவதில்லை. அந்த நேரத்தை நெடுஞ்சாலைத் துறையோடும் மின்வாரியத்தோடும் மல்லுக்கட்டவும், மாமன்றத்தில் பட்ஜெட்டைப் படித்துக் கேள்வி கேட்கவும் பயன்படுத்தலாம். அந்த வேலைக்குத்தான் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

தாம்பரத்தின் முதல் மாமன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் நிறைகிறது. வாக்குக் கேட்டு வருபவரிடம் என்னென்ன வேலை செய்து கொடுத்தீர்கள் என்று தெரு கேட்கும், கேட்க வேண்டியதுதான். அதோடு இன்னொன்றையும் கேட்கலாம்: உங்களைக் கேட்காமலேயே நாங்கள் தெரிந்துகொள்ளும்படி எதை ஏற்படுத்தி வைத்திருக்கிறீர்கள்?